1901 ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் மீளுருவாக்கம்

1901 ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் மீளுருவாக்கம் என்பது, 1901ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவாக்கப்பட்ட முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளை, அக்கால ஒளிப்படங்கள், விளம்பரங்கள், செய்திப் படங்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு மீண்டும் செய்து ஓடச் செய்த முயற்சியாகும். இம்முயற்சிக்குப் புராஜெக்ட் ஆரிஜின் என்று பெயரிடப்பட்டது. சென்னையிலும் இங்கிலாந்திலும் உள்ள ராயல் என்ஃபீல்டு தொழில்நுட்ப மையங்களைச் சேர்ந்தோர் இதில் இணைந்து பணியாற்றினர். முடிவடைந்த வண்டி 2022ஆம் ஆண்டில் பொதுமக்கள் அறிய வெளியிடப்பட்டது.

மூல வண்டி ஒன்றுகூட எஞ்சியிருக்கவில்லை. அதன் வரைபடங்களும் கிடைக்கவில்லை. எனவே, பழைய வண்டியொன்றைப் பழுதுநீக்கி மெருகிடும் வழக்கமான பணியிலிருந்து இது வேறுபட்டது. சான்று உள்ள இடத்தில் அதனைப் பின்பற்றுவதும், சான்று இல்லாத இடத்தில் அக்காலப் பொறியியலைக் கொண்டு விடை காண்பதும், இவ்விரண்டில் எது எந்த இடத்தில் நடந்தது என்பதை மறைக்காதிருப்பதும் இத்தகைய பணியின் அடிப்படைகள் ஆகும்.

பின்னணி

ரெட்டிச் நகரம் 19ஆம் நூற்றாண்டில் தையல் ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கு ஊசி செய்துவந்த ஜார்ஜ் டவுன்சென்ட் நிறுவனம் பின்னர் மிதிவண்டித் தொழிலில் இறங்கியது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் ஆகிய இருவரும் அதன் பொறுப்பை ஏற்றனர். என்ஃபீல்டு எனும் ஊரில் இருந்த அரச துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து தரும் ஒப்பந்தம் கிடைத்ததைத் தொடர்ந்து, அவர்களுடைய மிதிவண்டிகள் ராயல் என்ஃபீல்டு என்னும் பெயரைப் பெற்றன. துப்பாக்கி போலச் செய்யப்பட்டது என்னும் பொருள் கொண்ட வணிக முழக்கமும் இத்தொடர்பிலிருந்தே தோன்றியது.

1890களின் இறுதியில் இந்நிறுவனம் பிரான்சு நாட்டின் டி டியோன்-பூட்டோன் பொறிகள் பொருத்தப்பட்ட நான்கு சக்கர வண்டிகளைச் செய்தது. 1901இல் ஜூல் கோபியே என்ற பிரெஞ்சுக்காரர், வாக்கர் ஸ்மித்துடன் சேர்ந்து நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிளை வடிவமைத்தார். இவ்வண்டி 1901 நவம்பரில் லண்டனில் நடைபெற்ற ஸ்டான்லி மிதிவண்டிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

மோட்டார் சைக்கிளின் வடிவம் அப்போது உறுதிப்பட்டிருக்கவில்லை. பொறியை முன்சக்கரத்தின் மேலே வைப்பதா, சட்டகத்தின் நடுவே வைப்பதா, பின்சக்கரத்தின் அருகே வைப்பதா என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைப் பின்பற்றியது. பாரிசில் வெர்னர் உடன்பிறந்தோர் 1897இல் வெளியிட்ட வண்டியில் பொறி முன்சக்கரத்தின் மேலே இருந்தது. அவர்களே 1901இல் பொறியை மிதிகட்டைகளின் அருகே சட்டகத்தின் அடிப்பகுதிக்கு மாற்றினர். பிற்கால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றின. இந்த மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையில், பழைய வழியில் புதிய திருத்தங்களுடன் உருவான வண்டியே முதல் ராயல் என்ஃபீல்டு ஆகும். அடுத்த சில ஆண்டுகளில் ராயல் என்ஃபீல்டும் பொறியைக் கீழே மாற்றியதால் இம்முதல் வடிவம் விரைவில் வழக்கொழிந்தது.

மூல வண்டியின் அமைப்பு

பார்வைக்கு இது வலுவான மிதிவண்டி ஒன்றில் சிறிய பொறி பொருத்தப்பட்டது போலவே இருந்தது. மிதிகட்டைகளும் மிதிவண்டிச் சங்கிலியும் இருந்தன. பொறியின் திறன் 1¾ குதிரைத்திறன், அதாவது ஏறத்தாழ 1.3 கிலோவாட். இது முன்சக்கரத்திற்கு மேலே, கைப்பிடித் தண்டு செல்லும் தலைக்குழாயுடன் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருந்தது.

பொறியின் அடிப்பெட்டி

பிஸ்டனின் மேல்கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு, உலோகப் பெட்டி ஒன்றினுள் இருக்கும். அக்காலப் பொறிகளில் இப்பெட்டி பொதுவாக இடம், வலம் என இரு பாதிகளாகச் செய்யப்பட்டு நடுவில் செங்குத்தாக இணைக்கப்பட்டது. இதனால் இணைப்புக் கோடு பெட்டியின் அடியிலும் சென்றது. அதன் வழியே எண்ணெய் கசிந்தது. பொறி முன்சக்கரத்தின் மேலே இருக்கும் வண்டியில் கசியும் எண்ணெய் டயரின் மீது விழும். வண்டி சறுக்குவதற்கு இது ஒரு காரணமாக இருந்தது. கோபியே பெட்டியைக் கிடைமட்டமாக, மேல் பாதி, கீழ்ப் பாதி எனப் பிரித்தார். கீழ்ப் பாதி ஒரு கிண்ணம் போல அமைந்து, அடியில் இணைப்பு ஏதுமின்றி எண்ணெயைத் தாங்கியது.

வால்வுகள்

எரிந்த வளிமம் வெளியேறும் வால்வு பொறியின் இயக்கத்தால் திறக்கப்பட்டது. எரிகலவை உள்ளே வரும் வால்வுக்கு அத்தகைய இயக்கம் இல்லை. மென்மையான சுருள்வில் ஒன்று அதனை மூடி வைத்திருந்தது. பிஸ்டன் கீழிறங்கும்போது உருளையில் அழுத்தம் குறைய, வெளிக்காற்றின் அழுத்தமே வால்வைத் திறந்தது. இதனைத் தானியங்கு உள்வால்வு என்பர். சுருள்வில் கடினமாக இருந்தால் வால்வு போதிய அளவு திறக்காது. மிக மென்மையாக இருந்தால் உரிய நேரத்தில் மூடாது. எனவே, ஒரு சிறிய சுருள்வில்லின் விறைப்பே பொறி ஓடுமா ஓடாதா என்பதை முடிவு செய்தது.

எரிபொருள்

பெட்ரோலைத் தெளித்துக் காற்றுடன் கலக்கும் லாங்மேர் வகைக் கார்புரேட்டர் பயன்படுத்தப்பட்டது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால், குளிர்ந்த நாடுகளில் கார்புரேட்டரில் பனி உறையும். இதனைத் தடுக்க, வெளியேறும் சூடான வளிமத்தின் ஒரு பகுதியைக் கலவை அறையைச் சுற்றி அனுப்பும் முறை கையாளப்பட்டது.

இயக்கப் பட்டை

முன்னால் இருந்த பொறியின் சுழற்சி, பதனிடாத தோலால் ஆன நீண்ட பட்டை வழியே பின்சக்கரத்தை அடைந்தது. இப்பட்டை நடுவில் குறுக்கிட்டு, 8 என்ற எண்ணின் உருவையொத்த பாதையில் சென்றது. குறுக்குப் பட்டையில் இரு கப்பிகளும் எதிரெதிர்த் திசையில் சுழலும். பட்டை சிறிய கப்பியைத் தழுவும் கோணமும் கூடும். எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. விட்டமுள்ள கப்பியும் 47 செ.மீ. விட்டமுள்ள வளையமும் 110 செ.மீ. இடைவெளியில் இருந்தால், நேர்ப்பட்டை சிறிய கப்பியை ஏறத்தாழ 161 பாகை மட்டும் தழுவும். குறுக்குப் பட்டை ஏறத்தாழ 210 பாகை தழுவும். தழுவும் கோணம் கூடினால் வழுக்கல் குறையும்.

உயவும் தடையும்

எண்ணெய் திரும்பச் சுழலும் அமைப்பு இல்லை. ஓட்டுநர் சில மைல்களுக்கு ஒருமுறை கைப்பம்பின் மூலம் சிறிது எண்ணெயைப் பொறிக்குள் செலுத்த வேண்டும். அது எரிந்து தீர்ந்தபின் மீண்டும் செலுத்த வேண்டும். இதனை முழு இழப்பு உயவு முறை என்பர். வண்டியை நிறுத்தப் பட்டைத் தடைகள் இருந்தன. கியர், கிளட்சு ஆகியவை இல்லை. மிதித்துக்கொண்டே பொறியை உயிர்ப்பித்து, தீப்பொறி எழும் நேரத்தையும் கலவையையும் நெம்புகோல்களால் மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துவது அக்கால வழக்கம்.

எஞ்சியிருந்த சான்றுகள்

முதல் ராயல் என்ஃபீல்டைப் பற்றி எஞ்சியிருந்தவை சில ஒளிப்படங்கள், 1901ஆம் ஆண்டையொட்டிய விளம்பரங்கள், படங்களுடன் கூடிய செய்திக் குறிப்புகள் ஆகியவையே. நிறுவனத்தின் வரலாற்றாளரான கார்டன் மே இவ்வண்டியை மீண்டும் செய்ய முடியுமா என்ற கேள்வியை முன்வைத்தார். இங்கிலாந்திலும் சென்னையிலும் உள்ள தொழில்நுட்ப மையங்களிலிருந்து தன்னார்வமாக முன்வந்தோரைக் கொண்டு குழு அமைந்தது. 2015இல் ராயல் என்ஃபீல்டுடன் இணைந்த, சட்டகங்கள் செய்வதில் தேர்ந்த ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனமும் இதில் பங்கேற்றது.

இவ்வகைப் பணியில் ஒவ்வொரு சான்றுக்கும் வரம்பு உண்டு.

• ஒளிப்படம், ஒரு குறிப்பிட்ட வண்டி ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த நிலையைக் காட்டும். ஆனால், ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும்; உட்புறத்தைக் காட்டாது.
• விளம்பரப் படம் பெரும்பாலும் ஓவியர் வரைந்தது. அழகுக்காக அளவுகள் மாற்றப்பட்டிருக்கலாம்.
• செய்திக் குறிப்பு, செயல்படும் விதத்தை விளக்கும். ஆனால், அளவுகளை அரிதாகவே தரும்.
• அதே காலத்தில் பிறர் செய்த வண்டிகள், அன்றைய வழக்கத்தைக் காட்டும். ஆனால், இந்த வண்டியில் அவ்வாறே இருந்தது என்பதற்கு அவை உறுதி ஆகா.

மூன்றாவது, நான்காவது வகைச் சான்றுகள் இல்லாமல் பொறியின் உட்புறத்தை நிரப்ப இயலாது. முதல் வகைச் சான்று இல்லாமல் வண்டியின் உருவை நம்ப இயலாது.

ஒளிப்படத்திலிருந்து அளவு பெறுதல்

படத்தில் அளவு தெரிந்த பொருள் ஒன்று இருந்தால் மற்றவற்றின் அளவைக் கணக்கிடலாம். தொடக்ககால மோட்டார் சைக்கிள்களில் இதற்கு உதவுவது சக்கரமே. மிதிவண்டித் தொழிலில் சக்கர அளவுகள் முன்னரே நிலைபெற்றிருந்தன.

வண்டியின் பக்கவாட்டுப் படம் ஒன்றில் 26 அங்குலச் சக்கரம் 52 மி.மீ. விட்டத்துடன் தெரிகிறது எனக் கொள்வோம். 26 அங்குலம் என்பது 660.4 மி.மீ. ஆகவே, படத்தில் 1 மி.மீ. என்பது உண்மையில் 12.7 மி.மீ. ஆகும். இரு அச்சுகளுக்கு இடையிலான தொலைவு படத்தில் 96 மி.மீ. என்றால் உண்மையில் அது ஏறத்தாழ 1,219 மி.மீ. இருக்கும்.

இம்முறையின் குறையும் இக்கணக்கிலேயே தெரிகிறது. படத்தில் அரை மி.மீ. பிழையாக அளந்தால், உண்மை அளவில் 6 மி.மீ.க்கு மேல் பிழை வரும். சட்டகக் குழாயின் நீளத்தில் இப்பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகள் என்பதால், அதனை எந்த ஒளிப்படத்திலிருந்தும் பெற இயலாது. மேலும், ஒளிப்படக் கருவி வண்டிக்கு நேர் எதிரே இல்லாமல் சற்றுச் சாய்ந்திருந்தால் வட்டமான சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அச்சாய்வைத் திருத்திய பின்னரே அளக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட படங்கள் இருப்பின் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம்.

படத்தில் கிடைக்காததைப் பொறியியல் கணக்கால் நெருங்கலாம். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.07 மீட்டர். வண்டி மணிக்கு 40 கி.மீ. செல்ல அச்சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 321 முறை சுழல வேண்டும். பொறி நிமிடத்திற்கு 1,500 முறை சுழல்வதாகக் கொண்டால், பின்சக்கர வளையம் பொறிக் கப்பியைப் போல 4.7 மடங்கு விட்டம் கொண்டிருக்க வேண்டும். படத்தில் தெரியும் கப்பிகளின் விகிதம் இதற்கு நெருங்கி வந்தால் கணக்கும் படமும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துகின்றன. விலகினால், கொண்ட வேகமோ படத்தின் அளவீடோ தவறு என்பது தெளிவாகும்.

உறுப்புகளைச் செய்தல்

சட்டகம்

தொடக்ககால மோட்டார் சைக்கிள் சட்டகங்கள் மிதிவண்டிச் சட்டகங்களைப் போல, எஃகுக் குழாய்களை வார்ப்பு மூட்டுகளில் செருகிப் பித்தளைப் பற்றாசு மூலம் இணைத்துச் செய்யப்பட்டன. இன்றைய மின்வில் பற்றவைப்பு அப்போது இத்தொழிலில் இல்லை. புராஜெக்ட் ஆரிஜின் வண்டிக்கும் குழாய்ச் சட்டகம் பற்றாசு முறையிலேயே செய்யப்பட்டது. பற்றாசில் குழாய் உருகுவதில்லை. மூட்டின் இடைவெளியில் உருகிய பித்தளை பரவிப் பிடித்துக்கொள்கிறது. எனவே, பின்னர் வெப்பப்படுத்தி அதனைப் பிரிக்கவும் இயலும். பழுதுபார்க்கும் தன்மை அக்கால வடிவமைப்பிலேயே அமைந்திருந்தது.

எரிபொருள் கலன்

பித்தளைத் தகட்டைக் கையால் மடித்து, விளிம்புகளைப் பற்றாசால் அடைத்துக் கலன் செய்யப்பட்டது. அச்சுகளில் அழுத்தி உருவாக்கும் இன்றைய முறை இதற்குப் பயன்படுத்தப்படவில்லை. தட்டுவதால் பித்தளை கடினமாகும்; அவ்வப்போது சூடாக்கி மென்மைப்படுத்தாவிட்டால் மடிப்பில் வெடிக்கும். நம் ஊர்ப் பாத்திரத் தொழிலாளர்கள் நன்கறிந்த நுட்பம் இது.

பொறி

பொறி முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்டது. வரைபடம் இல்லாத பொறிக்கு முதலில் கணினியில் முப்பரிமாண வடிவம் வரைந்து, உறுப்புகள் ஒன்றோடொன்று மோதாமல் இயங்குகின்றனவா எனப் பார்ப்பது இக்காலத்தில் பொதுவான முறையாகும். பழைய வழியில், மரத்தில் மாதிரிக் கட்டை செய்து மணல் அச்சில் உலோகம் வார்க்கப்படும். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குவதால் மாதிரிக் கட்டை சற்றுப் பெரியதாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கும், அலுமினியம் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சுருங்கும். பழைய உறுப்பையே மாதிரியாக வைத்து வார்ப்பவர்கள் இதனை மறந்தால், புதிய உறுப்பு சிறுத்துப் பொருந்தாமல் போகும்.

கார்புரேட்டரும் நெம்புகோல்களும்

கார்புரேட்டரும் புதிதாகவே செய்யப்பட்டது. நெம்புகோல்களும் இயக்கு விசைகளும் பித்தளையில் கடைந்து செய்யப்பட்டன. இவற்றில் இணைப்பாணிகளின் புரியும் கருதத்தக்கது. பிரித்தானிய மிதிவண்டித் தொழிலில் அங்குலத்திற்கு 26 புரிகள் என்னும் அளவு வழங்கியது. ஒரு புரியின் இடைவெளி 0.977 மி.மீ. ஆகும். இன்று எளிதில் கிடைக்கும் 1 மி.மீ. இடைவெளி கொண்ட மெட்ரிக் ஆணி இதற்கு மிக அருகில் இருப்பதால், முதல் சில சுற்றுகள் பொருந்துவது போலத் தோன்றும். முழுவதும் திருகினால் இரண்டின் புரிகளும் அழியும். பழைய வண்டிகளின் உறுப்புகள் பலவும் இவ்வாறே கெட்டுப்போகின்றன.

மேற்பூச்சு

1901இல் பளபளப்பான உறுப்புகளுக்கு நிக்கல் பூசப்பட்டது. குரோமியப் பூச்சு 1920களின் பிற்பகுதியில்தான் வணிகத்தில் பரவியது. நிக்கல் சற்று மஞ்சள் சாயலுடையது. குரோமியம் நீலச் சாயலுடையது. தொடக்ககால வண்டி ஒன்றில் குரோமியம் காணப்பட்டால், பிற்காலக் கை பட்டிருக்கிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம்.

மீட்டமைப்பும் மீளுருவாக்கமும்

பழைய வண்டிகளைப் பொறுத்தவரை, அன்றாட வழக்கில் எல்லாப் பணிகளையும் ரெஸ்டோரேஷன் என்றே குறிப்பிடுகின்றனர். ஆயினும் இவற்றுள் வேறுபாடுகள் உள்ளன.

• பாதுகாத்தல்: இருப்பதை இருக்கும் நிலையிலேயே கெடாமல் காத்தல். பழைய வண்ணப்பூச்சும் தேய்மானமும் வரலாற்றுச் சான்றாகக் கருதப்படும்.
• மீட்டமைத்தல்: மூல வண்டியின் பெரும்பகுதி இருக்க, குறையும் உறுப்புகளைச் சான்றின் அடிப்படையில் நிரப்பி முந்தைய நிலைக்குக் கொணர்தல்.
• மீளுருவாக்கம்: மூலப்பொருள் ஏதும் இன்றி அல்லது மிகச் சிலவற்றை மட்டும் கொண்டு, சான்றுகளின் வழியே புதிதாகச் செய்தல்.

பழைய ஊர்திகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 1966இல் தொடங்கப்பட்டது. அது 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம் இத்தகைய வேறுபாடுகளை வலியுறுத்துகிறது. கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இதற்கு முன்னோடி ஆகும். புதிதாகச் சேர்க்கப்படும் உறுப்புகளை அடையாளமிட்டு வைக்க வேண்டும் என்பதும், செய்த பணிகளை ஆவணப்படுத்த வேண்டும் என்பதும் தூரின் சாசனத்தின் முதன்மையான கருத்துகளாகும்.

இவ்வகைப்பாட்டின்படி புராஜெக்ட் ஆரிஜின் ஒரு மீளுருவாக்கமே. 1901ஆம் ஆண்டின் வண்டி என்று அதனைக் கூற இயலாது. 1901ஆம் ஆண்டின் வண்டி எவ்வாறு இயங்கியது என்பதைக் காட்டும் கருவி எனக் கூறலாம். ஒரு பழைய பொறியின் தன்மை, அது ஓடும்போதுதான் முழுமையாகத் தெரிகிறது. கிடைமட்டமாகப் பிரித்த பெட்டி எண்ணெயைத் தாங்குகிறதா, குறுக்குப் பட்டை வழுக்காமல் இழுக்கிறதா என்பன போன்ற கேள்விகளுக்குக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் விடை தராது. அதேவேளையில், ஓடுகின்ற மீளுருவாக்கம் ஒன்று, அக்கால வண்டி இவ்வாறும் ஓடியிருக்கக்கூடும் என்பதை மட்டுமே நிறுவும். இவ்வாறுதான் ஓடியது என்பதை நிறுவாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் மட்டும் நிற்பதன்று. பழைய வண்டிகளின் விலை அவற்றின் மூலத்தன்மையைப் பொறுத்தது. ஓர் உண்மையான கிராங்க் பெட்டியைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் புதிதாகச் செய்து, முழு வண்டியும் பழையது என விற்பது உலகெங்கும் எழும் சிக்கலாகும். புதிய உறுப்புக்கு அடையாளம் இடப்படாவிட்டால், இருபது ஆண்டுகளில் அதுவும் பழையதாகத் தோன்றும். பின்வரும் ஆய்வாளர் அதனையே சான்றாகக் கொள்வார். ஒரு தவறான ஊகம் வரலாறாக மாறுவது இவ்வாறே நிகழ்கிறது.

ஒப்பிடத்தக்க முயற்சிகள்

உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிளாகப் பொதுவாகக் கருதப்படும் ரைட்வேகன், 1885இல் செருமனியில் காட்லீப் டைம்லர், வில்லெம் மேபாக் ஆகியோரால் செய்யப்பட்டது. மர உடல் கொண்ட அவ்வண்டியின் மூலப்படி 1903இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. இன்று அருங்காட்சியகங்களில் காணப்படுபவை பின்னர் செய்யப்பட்ட படிகளே. அவை ஒன்றுக்கொன்று சிற்சில விவரங்களில் வேறுபடுகின்றன. டைம்லரின் காப்புரிமை வரைபடம் இருந்தும் இவ்வேறுபாடுகள் எழுந்தன. காப்புரிமை வரைபடம் கருத்தைக் காக்க வரையப்படுவது என்பதும், செய்யப்பட்ட வண்டி அதிலிருந்து விலகியிருக்கலாம் என்பதும் இதற்குக் காரணங்களாகும்.

மூல உறுப்புகள் மிகுந்த வண்டிகளுக்கு வேறொரு மரபு உள்ளது. இங்கிலாந்தில் சன்பீம் மோட்டார் சைக்கிள் கழகம் நடத்தும் பயனியர் ஓட்டம் 1930இல் தொடங்கியது. 1915க்கு முன் செய்யப்பட்ட வண்டிகள் மட்டுமே இதில் பங்கேற்கலாம். இதற்காக வண்டியின் ஆண்டை ஆராய்ந்து சான்றளிக்கும் முறை உருவானது. 1946இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கழகமும் பழைய பட்டியல் ஏடுகளையும் ஆவணங்களையும் தொகுத்துப் பேணி வருகிறது. 1914 முடிய உள்ளவற்றை வெட்டரன் என்றும், 1915 முதல் 1930 வரை உள்ளவற்றை வின்டேஜ் என்றும் பிரிப்பது பிரித்தானிய வழக்கு. எனவே, 1901ஆம் ஆண்டு வண்டியை வின்டேஜ் எனக் கூறுவது பொதுவழக்கில் பொருந்தினும் இவ்வகைப்பாட்டில் பொருந்தாது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டியின் மீளுருவாக்கத்தில் சென்னைக்குப் பங்கு இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தியப் படையின் தேவைக்காக புல்லட் வண்டிகள் தருவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1955இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னையின் வடபுறத்தில் உள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகள் இங்கே பூட்டப்பட்டன. 1960களின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே செய்யப்படலாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்றுபோனது. தாய் நிறுவனம் மறைந்த பின்னரும் திருவொற்றியூரில் உற்பத்தி தொடர்ந்தது. 1994இல் ஐஷர் குழுமம் இந்நிறுவனத்தை ஏற்றது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் தொடங்கப்பட்டன.

தமிழ்நாட்டில் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கற்பதற்கு இதனினும் மூத்த முன்னோடி ஒருவர் உண்டு. கோயம்புத்தூர் அருகே கலங்கல் எனும் ஊரில் 1893இல் பிறந்த கோ. து. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோயம்புத்தூரில் உணவுவிடுதி ஒன்றில் பணியாற்றிப் பணம் சேர்த்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியபின் அதனை முழுவதும் பிரித்து மீண்டும் பூட்டியே பொறியியலைக் கற்றார். முறையான பொறியியல் கல்வி பெறாத அவர், 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து இயக்கித் தொழில் தொடங்கிப் பின்னர் பல கருவிகளை உருவாக்கினார். பிரித்துப் பார்த்து அறிதல் என்பதே மீளுருவாக்கத்திற்கும் அடிப்படை என்பதால் இந்நிகழ்வு இங்குக் கருதத்தக்கது. கோயம்புத்தூரில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தில் பழைய ஊர்திகள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

இந்தியச் சட்டநிலை

இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 சூலையில் பழைய ஊர்திகளின் பதிவுக்கான விதிகளை வெளியிட்டது. அவற்றின் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு:

• முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நான்கு சக்கர ஊர்திகள் வின்டேஜ் ஊர்திகளாகப் பதியப்படலாம்.
• ஊர்தி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடல், பொறி ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது.
• புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.
• பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும்.
• காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய ஊர்திப் பேரணி, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

இவ்வரையறையின்படி, முற்றிலும் புதிதாகச் செய்யப்பட்ட மீளுருவாக்கம் வின்டேஜ் ஊர்தி ஆகாது. குறைவான உறுப்புகளிலிருந்து மீட்டமைக்கப்படும் வண்டிக்கு, சட்டக எண்ணும் பொறி எண்ணும் பழைய பதிவு ஆவணங்களும் இன்றியமையாதவை.

குறை உறுப்புகளிலிருந்து மீட்டமைத்தல்: பொது நெறிகள்

மூல உறுப்புகள் சில கிடைத்த நிலையில் பணி தொடங்கும்போது பின்வரும் வரிசை பொதுவாகப் பின்பற்றத்தக்கது.

1. எதையும் தூய்மை செய்யும் முன்னர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளிப்படம் எடுத்தல். துருவுக்கு அடியில் பழைய வண்ணமும் கோடுகளும் எஞ்சியிருக்கலாம்.
2. சட்டகத்திலும் பொறியிலும் உள்ள எண்களைக் குறித்துக்கொள்ளல். மணல்வீச்சுத் தூய்மையால் மெல்லிய எழுத்துகள் அழியும். ஆகவே அவ்விடங்களை மூடிப் பாதுகாத்தல்.
3. ஒவ்வோர் உறுப்பும் அதே வண்டியைச் சேர்ந்ததா, வேறொன்றிலிருந்து வந்ததா எனப் பிரித்தறிதல்.
4. இல்லாத உறுப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன சான்று உள்ளது என எழுதுதல்.
5. சான்று வலுவாக உள்ள உறுப்புகளை முதலில் செய்தல். அவை அமைந்தபின் அருகில் உள்ளவற்றின் அளவுகள் தாமே குறுகி வரும்.
6. தேய்ந்த மூல உறுப்பை மாற்ற நேர்ந்தால், பழையதை எறியாமல் பெயரிட்டுப் பாதுகாத்தல்.
7. புதிய உறுப்பின் மறைவான பகுதியில் செய்த ஆண்டைப் பொறித்தல்.
8. தடை, டயர் போன்ற பாதுகாப்பு உறுப்புகளில் பழைய பொருளை வற்புறுத்தாதிருத்தல். பழைய தடைப் பட்டைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தேய்க்கும்போது தூசியை நுகராமல் காத்துக்கொள்ளல்.

இவற்றுள் நான்காவது கூறாகிய சான்றுப் பட்டியலே பணியின் தரத்தை முடிவு செய்கிறது. நன்கு செய்யப்பட்ட வண்டி ஒன்று அதனைச் செய்தவருக்குப் பயன்படும். சான்றுப் பட்டியலுடன் கூடிய வண்டி, அடுத்த தலைமுறையில் புதிய ஒளிப்படமோ உறுப்போ கிடைக்கும்போது எந்த ஊகத்தைத் திருத்த வேண்டும் என்பதையும் காட்டும். 1901ஆம் ஆண்டு வண்டியின் மூலப்படி ஒன்று எங்கேனும் கண்டெடுக்கப்பட்டாலும், மீளுருவாக்கம் பயனற்றுப் போகாது. எவை சரியாக உய்த்துணரப்பட்டன என்பதை ஒப்பிட்டு அறிய அது உதவும்.

இவற்றையும் பார்க்க

• ராயல் என்ஃபீல்டு
• கோ. து. நாயுடு
• உள் எரி பொறி
• காட்லீப் டைம்லர்
• மிதிவண்டியின் வரலாறு